ஒரு முறுக்கு

எழுபத்தைந்து கிலோ என்று
கொக்கிக்குப் பக்கத்தில் தகட்டில் பொறித்திருக்கிறது.
அதற்கு மேல் கரவனின் மூக்கு
காரை அழுத்தக்கூடாது.
குளியலறைத் தராசைத் தூக்கிவந்து
ஒரு மரக்கட்டையை அதன்மேல் நிமிர்த்தி
மூக்கை மெல்ல இறக்கினார் வாகீசன்.
தொண்ணூற்று நாலு.

தராசைத் தட்டினார்.
தொண்ணூற்று நாலு.
முந்தநாள் இதே தராசில் நான் ஏறியபோது
"அது பொய் சொல்லாது" என்றவர்
இன்றைக்கு, பற்றரி பழசு என்கிறார்.

தூன் நகரத்தில் வெள்ளிக்கிழமை காலை.
மேல்மாடி ரெகுலா
கோப்பிக் கிண்ணத்தோடு பல்கணியில் சாய்ந்து
எங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கின் மேல் மூன்று சைக்கிள்.
அவருடையது. என்னுடையது.
மூன்றாவது சாருகனுடையது.
அவன் எங்களோடு வரவில்லை,
சனிக்கிழமை ரயிலில் வந்தாலும் வருவான்.
அந்த "வந்தாலும்" எத்தனை கிலோ
என்று எந்தத் தகட்டிலும் எழுதியில்லை.

"அவன்ரய இறக்கினா பதினாலு குறையும்," என்றேன்.
பதில் இல்லை.
முன்பெட்டியைத் திறந்து
அரிசி மூட்டை, தோசைக்கல், ஸ்பானர் பெட்டி
ஒவ்வொன்றாய் உள்ளே கொண்டுபோய்
அச்சுக்கு நேர் மேலே தரையோடு அடுக்கினார்.
கடைசிவரை பின்னுக்குத் தள்ளவில்லை.
வால் கனத்த வண்டிக்கு
நெடுஞ்சாலையில் தலை நிற்காது.

எழுபத்து நாலு.
ரெகுலா கிண்ணத்தை உயர்த்தினாள்.

பிறகு கட்டினோம்.
ஒரே பாயில் பிள்ளைகளைக் கிடத்துவதுபோலத்
தலைமாடு கால்மாடாக,
ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, மறுபடி ஒன்று கிழக்கே.
ஒன்றின் பெடல் மற்றதன் விலாவில் குத்தும் இடத்தில்
கிழிந்த வேட்டித் துண்டு.
சட்டத்துக்கு ஒரு பட்டி, சக்கரங்களுக்குத் தனிப்பட்டி.
டயர் கொஞ்சம் அமுங்கும்வரை இழுக்க வேண்டும்,
சட்டம் முனகும்வரை இழுக்கக்கூடாது.
பம்பு, தண்ணீர்ப் போத்தல், முன்விளக்கு
எல்லாம் கழற்றி என் மடிக்கு வந்தன.

வாகனத் தரிப்பிடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தோம்.
சைக்கிள் கைப்பிடிக்கும்
காரின் பின்கண்ணாடிக்கும் நடுவில்
ஒரு சாண்.
என் சாண். அவருடையது என்றால் இடித்திருக்கும்.

இண்டர்லாக்கன் தாண்டியதும் தொடங்கியது.
அறுபதில் ஒரு ரீங்காரம்,
எழுபதில் ஊளை,
எண்பதில் யாரோ நெஞ்சிலடித்து அழுவதுபோல.
"பெயாரிங்," என்றார்.
"காத்து," என்றேன்.
பிரியன்ஸ் ஏரிக்கரையில் ஒதுக்கினோம்.

சைக்கிளைப் பிடித்து உலுக்கினேன்.
கரவனே சேர்ந்து ஆடியது. அதுதான் சரி.
எதுவும் தளரவில்லை, எதுவும் உரசவில்லை.
அப்போது ஒரு லொறி கடந்தது;
நடுப்பட்டி மட்டும்
தட்டையாய், விறைப்பாய், காற்றுக்கு முகம் கொடுத்து
நடுங்கியது.

அவிழ்த்தேன்.
ஒரு முறுக்கு முறுக்கினேன்.
மறுபடி இறுக்கினேன்.

அவ்வளவுதான்.
"ஒரு முறுக்குக்கே அடங்கிட்டுது," என்றேன்.
அவர் பின்சீட்டுத் தகரப் பேணியைத் திறந்து
"இந்தா இன்னொண்டு," என்று நீட்டினார்,
உள்ளங்கையில் எள்ளு ஒட்டியிருக்க.

புரூனிக் மலைப்பாதையில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது.
ஊளை நின்ற பிறகே உறைத்தது,
தூனிலிருந்து நாங்கள்
எடையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம்.
அதற்குப் பிறகும் பேசவில்லை.
முறுக்கைக் கடிக்கும் சத்தம் இரண்டு பேருக்கும் போதுமாயிருந்தது.

லுங்கர்னில் கால்களை இறக்கி, மட்டம் பார்த்து,
கெத்தலை அடுப்பில் வைத்தபோது செய்தி வந்தது:
"என்ர சைக்கிள் பத்திரமோ?"
எங்களைக் கேட்கவில்லை.
நாளைக்கு வருவதாகவும் சொல்லவில்லை.
பத்திரம், என்று எழுதினேன்.

எங்கள் இரண்டையும் இறக்கிப்
புல்லில் சாய்த்தோம்.
மூன்றாவது மூக்கின் மேலேயே நின்றது.
தூங்கப்போகுமுன் வாகீசன்
டோர்ச்சோடு வெளியே போனார்.
திருட்டுப் பயம், பூட்டைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம்
ஒரு சின்னக் "கிளிக்".
பட்டியை ஒரேயொரு பல்
தளர்த்திவிட்டு வந்து படுத்தார்.